அஸ்தமனத்துக்குப் பின் சோமாசி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: மாமியார் கனகமாலா, மூத்த மருமகள் மதனவதி, இளைய மருமகள் திரிசலா, மாகறலிலிருந்து வந்திருந்த விமலநாதன். அவர் செத்துப்போன மாமனாரின் அண்ணன். மருமகள்களுக்குப் பெரிய மாமா. ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் செய்யாறு சந்தைக்குப் போயிருந்தார்கள்.

சோமாசி என்றால் மதனவதிதான். தேங்காயும் சர்க்கரையும் வறுத்து வைத்து, அரை நிலா மாதிரி மடித்து, சக்கரக் கரண்டியால் ஓரம் வெட்டி அவள் பொரித்துக் கொட்டினால் விமலநாதன் தட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். இந்த முறை அவர் வரும்போது சர்க்கரை வியாதியோடு வந்தார்.

"அதனால என்ன, காரத்துல பண்ணிடலாம் மாமா" என்றாள் திரிசலா.

கேட்டவர்கள் சிரித்தார்கள். மதனவதி சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் தனக்குத் தோன்றாதது நேற்று வந்தவளுக்கு எப்படித் தோன்றியது?

காலையில் கனகமாலா சொல்லிவிட்டாள். "சின்னவ பண்ணட்டும். பெரியவரு வாயில வச்சு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாருன்னா, சாமான் அறைச் சாவி இனிமே அவகிட்ட இருக்கட்டும். நீயும் எத்தினி நாளு கஷ்டப்படுவே?"

கஷ்டமாம். மதனவதிக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது இடுப்பில் தொங்கிய அந்தச் சாவி மட்டும்தான்.

திரிசலா பயத்தம்பருப்பைக் குழையாமல் வேகவைத்தாள். தேங்காய், பச்சை மிளகாய், பெருங்காயம் போட்டுப் புரட்டினாள். வெங்காயம், உருளைக்கிழங்கு அந்தச் சமண வீட்டுக்குள் வராது. மைதாவில் காய்ச்சிய நெய் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடினாள். சக்கரக் கரண்டியைத் தொடவில்லை. ஓரத்தை விரலாலேயே மடித்து மடித்து முறுக்கிக்கொண்டு போனாள். மதனவதி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, எண்ணெய் எடுத்துக் குடுக்கிறியா?"

"கோயிலுக்குப் போயிட்டு வந்து தரேன். பிரார்த்தனை."

எண்ணெய் டின் சாமான் அறையில். சாவி மதனவதியின் இடுப்பில். வேறு வீட்டு எண்ணெய் அந்த அடுப்பில் ஏறாது. திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள். விதானத்து ஓவியங்களை அவள் பார்க்கவில்லை. தூண் நிழல் கிழக்கே நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைக்க மாட்டார்கள். இருட்டில் பூச்சி ஒன்று தெரியாமல் உள்ளே போனாலும் அது கொலை. விமலநாதன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

திரும்பி வந்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது.

"சாவி இடுப்புலயே இருந்துது பாரேன். மறந்தே போயிட்டேன்மா."

திரிசலா டின்னை வாங்கி வாணலியில் ஊற்றினாள். எண்ணெய் காய்ந்ததும் முதல் ஈடு போட்டாள். அது சிவந்து மேலே வரும்போது பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது. பொழுது போய்விட்டது. விமலநாதன் இரண்டு பழத்தைத் தின்று வாய் கொப்பளித்து எப்போதோ உட்கார்ந்துவிட்டார்.

"அடுப்பை அணைச்சிடு. வீணாப் போவக்கூடாது, பக்கத்து வீட்டுக் கங்கையம்மாவுக்குக் குடுத்துட்டு வா" என்றாள் கனகமாலா. "மதனா, மிச்சத்தை உள்ளே வை. ராத்தங்கினது நமக்கு ஆகாது, காலையில மாட்டுக்காரனுக்கு ஆகும்."

மதனவதி தட்டோடு சாமான் அறைக்குள் போனாள். ஜெயித்தாயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பெருங்காய வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. அப்படி என்னத்தைப் பண்ணிவிட்டாள்? ஒன்றைக் கையில் எடுத்தாள். சூடு இருந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் தறிக்காரர் வீட்டுக் கங்கையம்மாள் குரல் தெருவுக்கே கேட்டது. "யாருடி பண்ணது? ஓரத்தைப் பாரு, கோர்வை போட்ட பட்டுச்சேலைக் கரையாட்டம் இருக்குது! எம் பையன் நாலு துன்னுட்டு இன்னும் கேட்டுக்கினு கீறான்!"

மதனவதி கடித்தாள். மேல் தோல் நொறுங்கியது. உள்ளே பருப்பு காரமாக, ஈரமாக இருந்தது. பொல்லாத ருசி. கோபத்தில் மீதியையும் அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

வாசலில் விமலநாதன் சொன்னார். "ராத்திரி தங்கிட்டுக் காலையில சாப்புட்டே போறேன். பொழுது விடிஞ்சதும் சின்னவ மறுபடி போடட்டும்."

"அப்போ சாவி இப்பவே அவகிட்ட இருக்கட்டும்" என்றாள் கனகமாலா. "காலையில எவளும் கோயிலுக்குப் போயிடக் கூடாது பாரு. மதனா! எங்க இருக்கே?"

மதனவதி வெளியே வந்து நின்றாள். கனகமாலா லாந்தரைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து திரும்பிய திரிசலாவும் அங்கே நின்றாள்.

பதில் மதனவதியிடம் தயாராக இருந்தது. பெரிய மாமா இன்னும் வாயிலேயே வைக்கவில்லையே, அதற்குள் சாவி எப்படிக் கைமாறும்? நியாயமான கேள்வி. கனகமாலாவால் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வாயைத் திறக்க வேண்டும். முழுங்கக்கூட முடியவில்லை, தொண்டை அசைவது தெரியும்.

"என்னம்மா, கோவமா? ஏதாவது சொல்லணும்னா சொல்லு" என்றாள் கனகமாலா.

மதனவதி இல்லை என்று தலையை ஆட்டினாள். இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினாள். திரிசலா வாங்கினாள். அவள் கண் ஒரு நிமிஷம் மதனவதியின் உப்பிய கன்னத்தில் நின்றது. உதட்டோரம் ஒட்டியிருந்த துணுக்கைப் பார்த்தது.

"ஒன்னும் இல்ல அத்தே. அக்காவுக்கு என் மேல கோவமே வராது."

சொல்லிவிட்டு, மதனவதியின் முதுகுக்குப் பின்னால் சாமான் அறைக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.