முதல் கிண்ணம்

என் அறுபதாம் பிறந்தநாள் விருந்தன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: குவோன் ஜேஹோனாகிய நான், என் மனைவி, மகள் ஹேரான், தம்பி தேக்குன், கடைத்தெருப் போட்டோக்காரர் மூன், சியோலிலிருந்து ஜீப்பில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள், கில்சு. எனக்குப் பின்னால் இருந்த மடிப்புத் திரையின் மறைவில் என் ஒரே மகன் இன்சோப். வம்சத்தில் வேறு எவரும் வரவில்லை. வராதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

நாற்பது வீடுகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். இன்சோப்பைப் போலீஸ் தேடுகிறது என்று தெரிந்ததும் ஒருவருக்கு மூட்டுவலி வந்தது, இன்னொருவருக்கு நாற்று நடும் வேலை வந்தது. இலந்தையும் பேரிக்காயும் முழ உயரத்துக்கு அடுக்கிய மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, மேசையில இருக்குற பேரிக்காயவிட ஆளு கம்மியா இருக்கே. எல்லாரையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிக்கச் சொல்லவா?" என்றார் மூன். தம்பி மட்டும் சிரித்தான்.

ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்தது இன்சோப் செய்த குற்றம். அந்த 1987 ஜனவரியில்தான் விசாரணைக்குக் கொண்டுபோன ஒரு மாணவன் பிணமாக வெளியே வந்திருந்தான். பிடிபட்டால் தன் பிள்ளையும் அப்படித்தான் வருவான் என்று என் மனைவி முடிவே கட்டியிருந்தாள்.

அன்று விடியற்காலையில் இன்சோப் மலைப்பாதை வழியாக வந்து சேர்ந்தான். கூடவே அவனுடைய அறைத்தோழன் கில்சு. அவனை நான் எதிர்பார்க்கவில்லை. குளிர்காலத்தில் இதே கூடத்தில் உட்கார்ந்து ஹேரானைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டவன் அவன். உன் வம்சத்தின் பூர்வீகம் எது என்று அப்போது கேட்டேன்.

"அனாதை இல்லத்து வாசல்ல கிடந்தேன் ஐயா. இல்லத் தலைவரு அவரோட பூர்வீக ஊரையே எனக்கும் எழுதிட்டாரு," என்று சிரித்தான்.

இருபத்தேழு தலைமுறை எழுதப்பட்ட வீட்டுக்குள் இரவல் பூர்வீகத்தோடு வராதே என்று சொல்லி, ஒரு வாய் பார்லித் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அதன்பிறகு ஹேரான் எனக்குச் சோறு வைப்பாள், பேசமாட்டாள்.

அறுபதாம் ஆண்டு விருந்தில் முதல் கிண்ணம் மது மகன் ஊற்றித் தருவது. மகன் கடல் கடந்து இருந்தாலும் அந்த இடம் காலியாகக் கிடக்குமே தவிர, வேற்று வம்சத்தான் கை அதில் படாது. அது தெரிந்துதான் இன்சோப் வந்தான். அது தெரிந்துதான் போலீசும் வந்தது.

தாய் தைத்த பட்டு மேலங்கியை அவன் கையில் எடுத்த நேரம் வாசலில் ஜீப் நின்றது. கொல்லைச் சுவரோரமும் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்சோப் திரைக்குப் பின்னால் போனான். மேலங்கி தரையில் கிடந்தது. கில்சு அதை எடுத்துப் போட்டுக்கொண்டான். நாடாவை முடியத் தெரியாமல் தப்பாக முடிந்தான். ஹேரான் அவன் கையைப் பிடித்தாள்.

"விடு. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்," என்றான்.

அவள் நாடாவை அவிழ்த்து ஒழுங்காக முடிந்துவிட்டாள்.

அதிகாரி கையில் இன்சோப் பள்ளிக்கூடத் தொப்பியோடு நிற்கும் பழைய படம் இருந்தது. அதையும் கில்சுவையும் மாறி மாறிப் பார்த்தார். தான்தான் இன்சோப் என்று கில்சு சொன்னதை அவர் நம்பவில்லை. கூட வந்தவன் அலமாரிக் கதவில் கை வைத்தான். அதிகாரி அவனை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நானும் இந்தப் பக்கத்து ஆளுதான். உங்கள மாதிரி ஒரு அப்பாகிட்ட அடி வாங்கி வளந்தவன். நல்ல நாள் அதுவுமா வீட்டக் கலைக்க வேணாம். பையன் ஊத்தட்டும், நீங்க குடிங்க. நான் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்."

என் வாய்ச்சொல்லை அவர் நம்பமாட்டார். நான் குடித்தால் நம்புவார். குடிக்காவிட்டால் அடுத்து அவர் கை வைப்பது திரையில்தான்.

கில்சு மண்டியிட்டு அரிசி மதுவை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினான். "அப்பா, நூறு வயசு இருக்கணும்," என்றான்.

எனக்குப் பின்னால் இன்சோப்பின் மூச்சு மாறியது. அவன் எழுந்து வெளியே வரப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. கிண்ணத்தை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். மூன் பயத்திலோ பழக்கத்திலோ கேமராவை அழுத்திவிட்டார்.

கில்சுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் இன்சோப்பின் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். அதுவும் அவனுக்குப் பெரிதாக இருந்தது. ஜீப் மறைந்ததும் என் மகன் திரையைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். தம்பியும் நானும் சேர்ந்து அவனைத் தரையோடு அழுத்திப் பிடித்தோம். அவன் என் கையைக் கடித்தான்.

கைரேகையைப் பார்த்தால் மூன்று நாளில் உண்மை தெரிந்திருக்கும். அதற்குள் இன்சோப்பைக் கிழக்குக் கரை மீனவர்களிடம் சேர்த்துவிட்டோம். ஜூனில் நாடே தெருவுக்கு வந்தது. மாதக் கடைசியில் அரசு இறங்கி வந்தது, ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஜூலையில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். இன்சோப் வீடு திரும்பினான். கில்சு வரவில்லை.

நானும் பிள்ளைகளும் சியோலுக்குப் போனோம். இரண்டு அலுவலகங்களில் நாலாம் நாளே அனுப்பிவிட்டோம் என்றார்கள். மூன்றாவதில் ஓர் இளம் குமாஸ்தா கேட்டான்: "அவரு உங்களுக்கு என்ன வேணும் தாத்தா? உறவுக்காரங்க மனுதான் வாங்குவோம். அவருக்கு யாருமே இல்லன்னு இருக்கே."

குளிர்காலத்தில் அவனிடம் நான் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். உறவு என்ற இடத்தில் 'தந்தை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"உங்க பதிவேட்டுல ஒரே பையன்தான இருக்கு? அவருதான் இதோ நிக்கிறாரே," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

மாதந்தோறும் போகிறோம். அதே தாளைத்தான் கொடுக்கிறேன், நாலு முறை திருப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஹேரான் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். இன்னும் பேசவில்லை.

மூன் எடுத்த படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அறுவடைப் பண்டிகைக்கு வந்த உறவினர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போய், பாவம், கிழவருக்குக் கண் தெரியவில்லை, எவனோ ஊற்றியதை மகன் என்று நினைத்துக் குடித்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

அது பொய். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.