வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை

இருபத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். வெளியே அவள் பார்லரில் முடி வெட்டுகிறவள். அவள் கையில் கத்தரியைப் பார்த்தால் வங்கி மேலாளர் முதல் கல்லூரி முதல்வர் வரை கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் மறுபடியும் பாப்பாதான். பாப்பா சாப்பிட்டியா, பாப்பா குடை எடுத்தியா. இந்தப் பட்டத்தைத் தூக்கிப் போடுவதற்காகவே இந்தப் புது வருஷத்துக்கென்று ஒரே ஒரு லட்சியம் வைத்தாள்: தனியாக அறை எடுத்துத் தங்குவது.

உடம்பைக் குறைக்கிறேன், விடியற்காலையில் எழுகிறேன் என்று ஊரார் சொல்லிவிட்டு ஒரே வாரத்தில் கைகழுவுகிற கதை இல்லை இது. அறையையே பார்த்து வைத்துவிட்டாள். பார்லருக்கு இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், ஒற்றை ஜன்னல் அறை. வீட்டுக்காரம்மா புது வருஷத்தின் முதல் சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார். வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பாக்கி. அதற்கு ஒரு மாதமாக ஒத்திகை நடந்தது. கூட வேலை செய்யும் ரேடியோ (வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர்) கூட்டமில்லாத நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து அம்மாவாக நடிப்பாள்.

"எங்களை விட்டுட்டுப் போக உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?" என்று ரேடியோ மூக்கை உறிஞ்சுவாள். பாப்பா கண்ணாடியைப் பார்த்து வீராவேசமாகப் பதில் சொல்லிப் பழகினாள்.

வருஷம் பிறந்த அன்று அம்மா, அப்பா, அவள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லியும்விட்டாள்.

"சரி. எப்போ போகணும்?" என்றாள் அம்மா.

"தண்ணி ஒழுங்கா வருதா அங்க?" என்றார் அப்பா.

பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தயார் செய்ததெல்லாம் வீணாகிவிடக் கூடாதே என்று, "நான் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல," என்று ஆரம்பித்தாள்.

"அதானே," என்றார் அப்பா.

"ஊர் என்ன சொல்லும்னு பார்த்தா வாழ முடியாது."

"ஊருக்கு வேற வேலை இல்லையா? நீ இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்றாள் அம்மா.

பூட்டிய கதவென்று நினைத்துத் தோளால் இடிக்க ஓடினால், அது திறந்தே கிடந்தால் என்ன ஆகும்? குப்புற விழுந்தவள் கதைதான் அவளுக்கு. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் தட்டிலிருந்த சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

மறுநாளே அம்மா மேல் அலமாரியிலிருந்து சின்னக் குக்கரை இறக்கித் தேய்த்து வைத்தாள். அப்பா பஸ் ஓட்டுகிறவர். வண்டியை விட்டு இறங்கினால் திருப்புளியும் கையுமாகத்தான் இருப்பார். அவர் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து, எண்ணெய் விட்டு, பத்து தடவை திறந்து மூடிப் பார்த்தார். பாப்பா மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"மாடிப்படி ரொம்பச் செங்குத்துப்பா. வழுக்கும் போல."

"கைப்பிடி அடிச்சுக் குடுத்துடறேன்."

"கீழ ஒரு நாய் இருக்கும்மா. ராத்திரி பூரா குரைக்குதாம்."

"நல்லதாப் போச்சு. திருடன் வர மாட்டான்."

ஒருவேளை நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறார்களோ? அப்பா அவள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தால்கூட, காலியானதும் என்ன சாமான் போடலாம் என்று கணக்குப் போடுகிறாரோ எனத் தோன்றியது. அடுத்த நிமிஷமே அந்த நினைப்புக்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். தனக்கு வேண்டியது அறையா, இல்லை அறைக்காக ஒரு சண்டையா? இரண்டும் இல்லையென்றால் இந்த ஒரு மாதம் எதற்காகத் தொண்டை வறளக் கத்தினோம்? யோசிக்க யோசிக்கச் சிக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை.

பார்லரில் அந்த வாரம் கூட்டம் அலைமோதியது. புது வருஷம் பிறந்தால் ஆளே மாறிவிட வேண்டும் என்று சிலருக்கு. ஒரு பெண் இடுப்பு வரை தொங்கிய முடியைத் தோளோடு வெட்டச் சொன்னாள். சொல்லும்போதே நுனியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்த ரகத்தைப் பாப்பா நன்றாக அறிவாள். ஐயோ, இவ்வளவு அழகான முடியையா என்று யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நுனியை மட்டும் நறுக்கிக்கொண்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்வார்கள். எப்போதும் அவள்தான் அந்த வார்த்தையைச் சொல்லுவாள். அன்று வாய் வரவில்லை.

"நீங்க என்ன நினைக்கறீங்க? வெட்டலாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எனக்கே தெரியலைங்க," என்றாள் பாப்பா. ரேடியோ தலையில் அடித்துக்கொண்டு வந்து கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் பாப்பா வீட்டுக்கு வந்தபோது, அம்மா ஸ்டூலில் ஏறி அவள் அறையின் ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கும்மா எடுக்கற?"

"அங்க ஜன்னலுக்குத் திரை வேணாமா? துவைச்சுத் தரலாம்னுதான்."

"நான் போறதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமா?" பாப்பாவின் குரல் உடைந்தது. "பெத்த பொண்ணு போறேங்கறா. ஒரு பேச்சுக்காவது வேணாம்னு சொல்லத் தோணலையா உனக்கு?"

அம்மா இறங்கி, திரையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உன் வயசுல எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சுது. எங்கம்மா வேணாம்னு அழுதாங்க. நான் போகல. அதுக்கப்புறம் எது தப்பாப் போனாலும் அவங்க மேலதான் கோவம் வரும். பால் பொங்கி வழிஞ்சாக்கூட அவங்க மேலதான். போயிருந்தா ஒரே வாரத்துல அழுதுக்கிட்டு ஓடி வந்திருப்பேனோ என்னமோ, அதுவும் தெரியாமப் போச்சு. நான் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கேன்னு புரியாமலே அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"நான் அப்படியெல்லாம் கோவப்பட மாட்டேன்மா. ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லு. இங்கேயே இருந்துடறேன்."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லணும்னு ஆசை இருக்கா இல்லையா? அதையாவது சொல்லு."

அம்மா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. வீட்டுக்காரம்மாதான்.

"என்னம்மா, வர்றியா? இன்னொரு பொண்ணு வந்து நிக்குது. சாவியை அதுகிட்ட குடுத்துடட்டுமா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அந்தத் திரைத்துணியைச் சுருட்டித் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. ஒரு மாதமாகப் பாப்பா எதிர்பார்த்துப் பழகிய அந்த வார்த்தை துணிக்குப் பின்னால்தான் இருந்தது. கொஞ்சம் பிடிவாதம் பிடித்தால் அது வெளியே விழுந்துவிடும்.

"வர்றேங்க," என்றாள் பாப்பா.

போனை வைத்த பிறகு, சொன்னது தன் ஆசையா, வீம்பா, அம்மாவுக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒன்று மட்டும் சுருக்கென்று உறைத்தது. இனி அந்த மாடி அறையில் தனியாகக் கிடந்து அழுதால், திட்டுவதற்கு அம்மா கிடைக்க மாட்டாள்.