மூன்று வாரத்தில் திரும்பி வந்த வண்டி

பம்ஜே கணவாயின் மூன்றாவது வளைவில் வண்டி மூச்சு வாங்கியதாம். நான்காவது வளைவில் இழுக்கவே மறுத்ததாம். வயல் கூலிக்காக ஏறியிருந்த ஆறு பெண்களும் இறங்கி, முட்டைக்கோஸ் வயல் வரைக்கும் நடந்தே போனார்களாம். இத்தனையையும் சோங்டே வண்டியை விட்டு இறங்கிச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டுதான் பட்டறைக்குள் ஓட்டி வந்தான்.

"என்ன முதலாளியம்மா, மூணே மூணு வாரம்! என் மாமியார் கோபம்கூட இதைவிட நாள் தாங்கும். காயலான் கடைச் சாமானை எடுத்து மாட்டிட்டியா?"

மிரான் உருட்டிக்கொண்டிருந்த டயரைச் சுவரில் சாய்த்தாள். "முதல்ல எஞ்சினை அமத்துங்கண்ணே, அப்புறம் என்னைத் திட்டுங்க. ரெண்டும் ஒண்ணா இரைஞ்சா எது கோளாறுன்னு தெரியமாட்டேங்குது."

மிரானுக்கு நாற்பத்தொரு வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவரின் மகள். பத்தொன்பது வயதில் வோன்ஜு நகரத்துப் பட்டறை ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்குக் கழுவப் போனவள், இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் கூரையின் கீழ் ஸ்பேனர் பிடித்துவிட்டு, போன இலையுதிர் காலத்தில்தான் சொந்தப் பெயரில் பலகை மாட்டினாள். மேலே கோஸ் வயல்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் டீசல் கார்கள் முப்பதுக்குக் குறையாது. அவற்றை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கணவாய் உச்சியில் ஒரே கடையில் ஒரே காப்பியைக் குடித்துவிட்டு ஒரே பேச்சைப் பேசுவார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பவன் சோங்டே. மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் 'அந்தப் பொண்ணு கை நல்ல கை' என்று சொன்னதால் இரண்டு வண்டிகள் வந்தன. இன்றைக்குக் காலி வண்டியை எப்படியோ உச்சிவரை ஊர்ந்து ஏற்றிவிட்டு, அங்கேயிருந்துதான் நேராக இறங்கி வந்திருக்கிறான். என்ன சொல்லிவிட்டு வந்திருப்பான் என்று கேட்க வேண்டியதில்லை. முப்பது வண்டியும் கங்னுங் நகரத்துப் பட்டறைகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவள் பலகையைக் கழற்றிவிட்டு மறுபடியும் யார் கூரையின் கீழாவது போய் நிற்க வேண்டியதுதான்.

டர்போவிலிருந்து போகும் ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தாள். விரிசல் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. ஸ்கேனரைச் சொருகினாள். சோங்டேயைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஊருக்குப் பின்னாலிருக்கும் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் எஞ்சினுக்குள் தொள்ளாயிரம் மில்லிகிராமுக்கு மேல் காற்று போக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால், காற்றை அளக்கும் சென்சாரை அவள் புதிதாக மாட்டிய அன்றைக்குத் தொள்ளாயிரத்து அறுபது காட்டிய இடத்தில் இப்போது ஐந்நூற்று நாற்பது.

வண்டியை ஓரம் கட்டி, அந்தச் சென்சாரின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆனால் வண்டி ஏற்றத்தை ஏறிவிட்டது.

"மாட்டினா படுக்குது, கழட்டினா ஓடுது. அப்ப அந்தச் சனியன் எதுக்கு?" என்றான் சோங்டே.

"அது பொய் சொல்லுதுண்ணே. காத்து நிறையத்தான் வருது. இது கொஞ்சம்தான் வருதுன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுது. காத்து இல்லாம டீசலை ஊத்தினா கரும்புகைதான் வரும்னு கம்ப்யூட்டர் டீசலைக் குறைச்சிடுது. கழட்டிட்டா, சொல்ல ஆள் இல்லாததால அதுவா ஒரு மதிப்புப் போட்டு ஊத்துது."

"எங்க சங்கச் செயலாளர் மாதிரி. அவன் லீவு போட்டாத்தான் அங்க வேலை நடக்கும்."

பட்டறைக்குத் திரும்பியதும் இரண்டு திருகாணிகளைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுத்தாள். இதே சாமான், பெட்டி பிரிக்காமல், இன்னொன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்து மாட்டினால் பத்து நிமிடம். வண்டி பாய்ந்து ஓடும். இன்னும் மூன்று வாரம் ஓடும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

டார்ச்சைப் பிடித்து உள்ளே பார்த்தாள். காற்றை அளக்கும் முடி போன்ற கம்பியின் மேல் சிவப்பாக ரோமம் முளைத்தாற்போல ஏதோ படிந்திருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தாள். நறநறவென்றது. மண். மேலே கோஸ் வயலில் இருக்கும் அதே மண். பில்டரைத் தாண்டி இங்கே எப்படி வந்தது?

"அண்ணே, ஏர் பில்டர் எப்ப மாத்துனது?"

"போன தடவையே சொன்னேன்ல? ஜூன் மாசம் என் கையால மாத்தினேன். புத்தம் புதுசு. அதுக்குமா உன்கிட்ட வரணும்?"

ஆமாம், சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு, பில்டர் பெட்டியைத் திறக்காமலேயே அனுப்பியவள் அவள்தான். மிரானுக்குக் காது மடல் சுட்டது.

பானட்டுக்குள் குனிந்தாள். பில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கருவாடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, மேலெல்லாம் வெள்ளை நூல் சுற்றி. வண்டி வாங்கினால் படையல் போட்டு, டயருக்கு அரிசிக் கள் ஊற்றி, கருவாட்டில் நூல் சுற்றிக் கட்டாதவர்கள் அந்த மலையில் இல்லை. போன முறையும் இது இங்கேதான் கிடந்தது. நம்பர் பிளேட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விட்டிருந்தாள். இப்போது நூல் போகிற வழியே விரலை ஓட்டினாள். பேட்டரியைப் பிடித்திருக்கும் இரும்பில் முடிச்சு. அங்கேயிருந்து பத்துப் பதினைந்து இழையாக வந்து, பில்டர் பெட்டியின் விளிம்பைத் தாண்டி, மூடிக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தது. மூடிக்கு நாலு கிளிப். பின்பக்கத்துக் கிளிப் மாட்டாமல் தொங்கியது. இடைவெளியில் ஒரு தீக்குச்சி தாராளமாக நுழையும்.

அவள் கத்தரிக்கோலை எடுத்ததுதான் தாமதம், சோங்டே மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வெட்டாதே!"

"கைய விடுங்கண்ணே."

"மல்சுன் கட்டினது. நாலு வருசம் முன்னாடி இதே கணவாயில பழைய வண்டி உருண்டு என் விலா மூணு போச்சே, தெரியும்ல? அதுக்கப்புறம் இந்த வண்டி வாங்கினப்ப என் பொண்டாட்டி கட்டினது. நூலை அறுத்தா ஆயுசை அறுத்த மாதிரி. அதனாலதான் பில்டர் மாத்தும்போதுகூட வெட்டாம, அப்படியே நடுவுல விட்டு மூடி..."

நிறுத்தினான். மூடியைப் பார்த்தான். தொங்கிய கிளிப்பைப் பார்த்தான். அவன் வாயும் கருவாட்டின் வாய் அளவுக்குத் திறந்துகொண்டது.

"மூடலைண்ணே," என்றாள் மிரான். "ரெண்டு மாசமா மண்ணு உள்ள போயிருக்கு. முதல் சென்சாரும் இதனாலதான் போச்சு, ரெண்டாவதும் இதனாலதான். நூலு உங்க தப்பு. முதல் தடவையே நான் இதைத் திறந்து பார்த்திருக்கணும். பார்க்காதது என் தப்பு."

சோங்டே மனைவிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டாம்.

"காவலுக்கு இருக்கட்டும்னு கட்டினேன். வண்டியோட மூக்கை அடைக்கவா கட்டினேன்?" என்று கத்தினாள் மல்சுன். "வெட்டினா வீட்டுப் பக்கம் வராதே. அந்தப் பொண்ணுகிட்ட குடு. ஏம்மா, அவிழ்க்க முடியாதா?"

"எஞ்சின் சூட்டுல முடிச்சு கல்லாயிடுச்சு அண்ணி. அதை விடுங்க. முடிச்சு மாட்டியிருக்கிற இரும்பையே கழட்டிடறேன்."

பேட்டரியின் இரண்டு முனைகளைக் கழற்றி, இரண்டு போல்ட்டுகளைத் திருகி, அந்த இரும்பை வெளியே உருவியதும், நூல் வளையம் இழை அறாமல் அப்படியே நழுவி வந்தது. சோங்டே கருவாட்டை, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்தான்.

மிரான் பெட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் துணி விட்டுத் துடைத்தாள். மூன்று துணி செக்கச்செவேலென்று ஆனது. வேறு பில்டர் வைத்தாள். நாலு கிளிப்பும் தனித்தனியாக 'டக்' என்று சொன்ன பிறகே கையை எடுத்தாள். புதுச் சென்சாரை அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கும்படி பொருத்தி, ஸ்கேனரில் பழைய கோளாறுப் பதிவை அழித்தாள்.

"ஏறு," என்றான் சோங்டே. "கணவாய் வரைக்கும் போய்ப் பார்த்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

மூன்றாவது வளைவில் தொள்ளாயிரத்து எழுபது. நான்காவதில் அவன் கியரை மாற்றவே இல்லை. வாய்க்குள் ஏதோ பாட்டை முனகியவன் சட்டென்று நிறுத்திவிட்டு, "மேல பசங்ககிட்ட... சாமான் சரியில்லைன்னு சொல்லிட்டேன்," என்றான்.

"தெரியும்ணே."

"இப்ப என்ன சொல்றது?"

"உங்க வாய், உங்க இஷ்டம்."

இன்னும் நிறையச் சொல்ல வேண்டும்போல இருந்தது அவளுக்கு. ஸ்கேனரின் எண்களிலேயே கண்ணை வைத்திருந்தாள்.

உச்சியில் ஐந்தாறு பேர் காகிதக் கோப்பையும் கையுமாக நின்றிருந்தார்கள். பியோ என்கிற ஒல்லிக்குச்சி ஆள் முதலில் வாயைத் திறந்தான். "என்னண்ணே, காயலான் கடையைக் கூடவே ஏத்திக்கிட்டு வந்துட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சோங்டேயும் கொஞ்சம் சிரித்தான். மிரான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு இருக்கையிலேயே இருந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சு," என்றான் சோங்டே.

"என்னவாம்?"

"சின்ன விசயம்தான்." யாருடைய கோப்பையையோ வாங்கி ஒரு வாய் குடித்தான். அவ்வளவுதான் போல என்று நினைத்தாள் மிரான். அவன் இரண்டாவது வாய் குடித்தான். பிறகு கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பானட்டைத் தூக்கினான்.

"டேய், எல்லாரும் இங்க வாங்க. இந்த மூடி தெரியுதா? கருவாட்டு நூலை வெட்டக் கூடாதுன்னு நடுவுல விட்டு மூடிட்டேன். ரெண்டு மாசமா வண்டி மண்ணைத் தின்னுருக்கு. சாமான் மேலயும் தப்பில்ல, இந்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல. கழுதை நான்தான். சிரிக்கிறவன் சிரிச்சு முடிச்சிட்டு, போய் அவனவன் பானட்டைத் திறந்து பாரு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பியோ தரையில் உட்கார்ந்தே சிரித்தான். பிறகு அவன் சிரிப்புத்தான் முதலில் நின்றது. எழுந்து தன் வண்டிப் பக்கம் போனான். இன்னொருவனும் போனான். ஒன்றன்பின் ஒன்றாகப் பானட்டுகள் திறக்கும் சத்தம்.

"அக்கா," பியோவின் குரல் மெலிந்து வந்தது. "ஒரு நிமிசம் இங்க வாங்களேன்."

"எதையும் தொடாதீங்க, வர்றேன்," என்றபடி மிரான் டார்ச்சோடு இறங்கினாள்.