பாடாமல் ஒரு வார்த்தை

1

"எல்லாத்தையும் எழுதிக்கோ. எங்க வீட்டுக்காரர் என்ன பதில் சொன்னார்னு மட்டும் கேக்காதே" என்றாள் ஓரலீ.

"அதுதானே சிஸ்டர் கதையே?"

"உனக்குக் கதை. எனக்கு நாப்பது வருஷம். மீனைத் திருப்பு பொண்ணே, கருகுது."

டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கம், எங்கள் தேவாலயச் சபையின் கீழ்த்தள அடுப்படி, வெள்ளிக்கிழமை மீன் வறுவல். சோளமாவில் புரட்டிய கெளுத்தியோடு சேர்த்துத்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. சாஸ் பாட்டிலை இரண்டு முறை தட்டிக்கொண்டு முழுக்கதையையும் சொன்னாள். முடிவை மட்டும் தன் தட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "உலகிலேயே மிக இனிமையான குரலுடைய அந்த இளைஞன்"

விட்டுவிட்டேன். 'உலகிலேயே' என்று தொடங்கினால் ஓரலீ சிரிப்பாள்.

இரண்டாவது முயற்சி: "வெர்டெல் திக்குவாய்."

இது உண்மை. ஆனால் ஒரு மனிதனை அப்படியா வாசகருக்கு அறிமுகப்படுத்துவது? பாடும்போது அவனுக்குத் திக்காது என்பதை அடுத்த வரியில் சொல்வதற்குள் நீங்கள் அவன்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள். அந்த இரக்கத்துக்குப் பயந்துதான் அவன் பள்ளிக்கூடத்தில் வாயையே திறக்காமல் இருந்தான்.

ஆகவே, மூன்றாவது: 1964இல் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் வெர்டெல் பியானோ வாசித்தான். ஓரலீ அங்கே கடிதம் தட்டச்சு செய்தாள்; சாப்பாட்டு நேரத்தில் நோட்டுப்புத்தகத்தில் வரிகள் எழுதினாள். அவன் மெட்டு போடுவான், அதில் வார்த்தையே இருக்காது, "லா லா"தான். அவள் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அதற்கு வார்த்தை போடுவாள். கடைசிவரை அதுதான் அவர்கள் வேலை செய்யும் முறை. மெட்டு அவனுடையது, வார்த்தை அவளுடையது.

முதலில் அவர்கள் பாட்டுகளை மற்றவர்கள்தான் பாடினார்கள். பிறகு மாதிரிக்குப் பதிவு செய்த நாடாவை யாரோ கேட்டு, "இதுங்களே பாடட்டுமே" என்றார்கள். அப்புறம் முப்பது வருட மேடை. ஒரே மைக், அதன் இரு பக்கமும் இரண்டு முகங்கள். பாட்டுக்கு நடுவே பேசுவதெல்லாம் அவள். "எங்க வீட்டுக்காரர் ரொம்ப கூச்சப்படுவாருங்க. நான் இல்லாட்டி பசிக்குதுன்னுகூடச் சொல்ல மாட்டார்." கூட்டம் சிரிக்கும். அவனும் சிரிப்பான்.*

(*சபையில் இருவரையும் 'அவர்' என்றுதான் சொல்கிறேன். கதைக்குள் வந்ததும் அவர்களுக்கு வயது குறைந்துவிடுகிறது. மரியாதை விகுதி உதிர்ந்துவிடுகிறது. மன்னிக்கவும்.)

3

கல்யாணம் 1966இல், ஓரலீயுடைய அப்பாவின் சபையில்.

"சம்மதமா?" என்று போதகர் கேட்டார்.

வார்த்தை வெர்டெலின் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓரலீக்குப் பொறுக்கவில்லை. உதட்டைத் திறக்காமல் மெல்ல ஒரு சுருதியை முனகினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு சம்மதத்தைப் பாடிவிட்டான். சபை எழுந்து நின்று கைதட்டியது. அதுவே பாட்டாகி, அவர்களுடைய முதல் வெற்றி இசைத்தட்டாகவும் ஆயிற்று.

[இங்கே "அந்த முனகலில்தான் அவள் தன் வாழ்நாளையே" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அவசரப்பட்டு எழுதியது. கீழே வரட்டும்.]

4

வெர்டெலை நினைத்தால் எனக்குத் தயக்கம். என் நாவல்களில் வரும் கணவர்கள் ஏதாவது தப்பு செய்வார்கள்; அப்போதுதான் மனைவிக்கு மன்னிக்க வேலை இருக்கும். இவனுக்கும் ஒன்று கொடுத்துப் பார்த்தேன்: "சிகாகோவில் ஒரு ஓட்டல் அறையில் அவன்"

ஓரலீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "இவருக்கா? ஓட்டல்ல துண்டு கேக்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். வேறொருத்தியை எப்படிக் கூப்பிட்டிருப்பார்?"

உண்மையான தப்பு வேறு. 1974இல், தனியாக வெளியூர்க் கச்சேரிக்குப் போனவன், பிரசவத்துக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மேடை ஆசையில் இன்னொரு வாரம் தங்கிவிட்டான். மகள் பிறந்து ஐந்து நாள் கழித்து வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பியானோ முன் உட்கார்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான். மூன்றாம் நாள் ஓரலீ, கையில் குழந்தையோடு, நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள்.

"அந்தப் பாட்டுதான் எங்களுக்கு எல்லாத்தையும்விட நல்லா ஓடிச்சு. கூத்தைப் பாரு. எங்கிட்ட மன்னிப்பு கேக்குற பாட்டு, அதுக்கு வார்த்தை போட்டது நான். கேட்டதும் நானே, மன்னிச்சதும் நானே. அவர் பாடினார், நான் அழுதேன். அப்புறம் ஊரே அழுதுச்சு."

5

நாற்பது வருடம் ஓடிய பிறகு, ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நாற்பதாவது கல்யாண நாள் ஆராதனை; அதில் இருவரும் அந்தச் சம்மதப் பாட்டைப் பாட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலே அச்சாகிவிட்டது. புத்தாடை வாங்கிவிட்டு வழியில் சாப்பிட்டார்கள். கடைசியில் இனிப்பு என்ன வேண்டும் என்று பரிமாறும் பெண் கேட்டாள். வெர்டெல் வாயைத் திறந்தார்.

"அவருக்குச் சுட்ட பீச் பழம், மேல கொஞ்சம் ஐஸ்கிரீம்" என்றாள் ஓரலீ.

சாப்பிட்டு முடித்து, காரில் ஏறி, இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு அவர் சொன்னார்:

"எனக்கு பீச் பிடிக்காது, ஓரா."

(அவர் பேச்சில் வரும் திக்கலை நான் எழுத்தை உடைத்துக் காட்டப்போவதில்லை, கேலி போல ஆகிவிடும். அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு ஒரு சிக்னல் முழுக்கப் பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

"எப்பலேருந்து?"

"எப்பவுமே."

"யோவ், நாப்பது வருஷமா தின்னியே!"

"நீ சொல்லிட்டே. சர்க்கரைவள்ளி இனிப்புன்னு சொல்ல வந்தேன். நாம சேர்ந்து சாப்பிட்ட முதல் நாளே."

ஓரலீ வயிறு வலிக்கச் சிரித்தாள். வீடு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பீச் பழம் போகட்டும். இன்னும் எதையெல்லாம் நான் முடித்துவைத்தேன்? அந்தச் சம்மதம், அந்த மன்னிப்பு, வானொலியில் உலகமே கேட்ட அத்தனை காதலும் என் நோட்டுப்புத்தகத்திலிருந்துதானே வந்தது? விட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்?

அதை அவனிடமே கேட்டுவிடலாம். ஆனால் பேச்சையே முள்ளாக விழுங்கி வாழ்ந்தவனிடம், பேசு என்று எப்படிக் கேட்பது? அதுவும் சுருதியை முனகி வழிகாட்டியவளே?

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், ஞாயிறு ஆராதனையில் அவர் பாட மறுத்து, சபை நடுவே திக்கித் திக்கிப் பேசுகிறார். எல்லோரும் அழுகிறார்கள். எழுதும்போது நானும் அழுதேன். ஓரலீக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்த மனுஷனை மறுபடி அத்தனை பேர் முன்னால நிறுத்துவியா? உன் புத்தகம் விக்கும். அவருக்கு என்ன லாபம்?"

கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில், அவள் கேட்காமலே இருந்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அழகாகப் பாடுகிறார்கள். அது நடந்திருக்கவும் கூடும். நிறைய வீடுகளில் நடக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல. அவள் கேட்டாள். அவர் பதில் சொன்னாரா, என்ன சொன்னார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

"நாங்க பேச வேண்டியதையெல்லாம் பாட்டுத் தட்டுல போட்டு வித்துட்டோம், பொண்ணே. இது ஒண்ணு விக்கிறதுக்கில்ல."

அதனால் அவள் கேட்ட இடத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பதில் உங்கள் பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் வாயைத் திறந்தவுடன் நீங்கள் முந்திக்கொண்டு முடித்துவைக்காதீர்கள். நான் நாலு தாள் அப்படி எழுதிக் கிழித்தவள்.

7

சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. வெர்டெல் பியானோவில் சம்மதப் பாட்டின் முதல் அடியை வாசித்துப் பார்த்தார். ஒரு கட்டை இறக்கலாமா என்று விரலால் சைகை காட்டினார்.

ஓரலீ அருகில் வந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்தாள். பியானோவை மூடினாள்.

"என்ன ஓரா?"

"ஒண்ணு கேக்கணும். புதன்கிழமையிலேருந்து உள்ள வச்சிருக்கேன்."

"சர்க்கரைவள்ளியா?"

"போய்யா." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெஞ்சில் அவரை இடித்துத் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் புல்வெட்டி இயந்திரம் ஓடி நிற்கும்வரை காத்திருந்தாள்.

"நாளைக்கு சபையில பாடலாம், அதைப் பத்தி இல்ல. இப்ப, இங்க, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும். மெட்டு வேண்டாம். என் நோட்டுல இருக்கிற வார்த்தை ஒண்ணுகூட வேண்டாம். நான் உனக்கு யாருன்னு ஒரே ஒரு தடவை நீயா சொல்லு, வெர்டெல். திக்கினா திக்கட்டும். பொழுது சாஞ்சாலும் சாயட்டும். இந்தத் தடவை நான் சுருதி எடுத்துக் கொடுக்க மாட்டேன்."