துரத்தி வந்த சுரம்

என் கணவர் சாக்ஸபோன் வாசித்து வெளிவந்த ஒரே இசைத்தட்டில் ஒரு தப்பு இருக்கிறது. அது என்னுடையது. பியானோவில் இருந்த நான், ஏதோ நினைப்பில், பாட்டின் நடுப்பகுதிக்கு ஒரு சுற்று முன்னாலேயே தாவிவிட்டேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மானம் போயிருக்க வேண்டியது. ஆனால் அவர் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்து, அதிலிருந்து மெல்ல இறங்கி, நான் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

ஒலிப்பதிவு முடிந்து வெளியே வந்ததும், "எங்கடி ஓடின? உன்னைத் துரத்திப் பிடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு" என்று சிரித்தார்.

கேட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவர் போய் ஒரு வருடம் ஆனதும், அவருடைய நினைவாக ஒரு கச்சேரி என்று கொழுந்தன் கிளம்பினார். சாக்ஸபோனுக்கு இசைப்பள்ளி வாத்தியார் ஒருவர். இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். ஈயடிச்சான் காப்பி என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அந்தச் சுரம் என்னைத் தேடி இறங்கி வருவதை இன்னொரு முறை கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒத்திகையில் நான் சரியாகவே வாசித்தேன். வாத்தியாரின் சுரமோ நான் இல்லாத இடத்தில் இறங்கியது. காது கூசியது. அவர் நிறுத்திவிட்டார்.

"மேடம், ரெக்கார்டுல நீங்க இப்படி வாசிக்கலையே."

"ரெக்கார்டுல இருக்கறது தப்புங்க."

அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்திலிருந்து கொழுந்தன் வந்தார். "அண்ணி, இப்ப அதுதான் பாட்டு. எல்லாரும் அதைக் கேக்கத்தான் வர்றாங்க."

"உங்க அண்ணன் அதை மறுபடி ஒரு தடவைகூட அப்படி வாசிச்சதில்லை. தெரியுமா?"

"அதனாலதான் சொல்றேன். அந்த ஒண்ணுதானே நம்மகிட்ட மிச்சம்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு, தெரிந்தே தப்பு செய்யப் பழகினேன்.

கச்சேரியில் அந்த இடம் வந்தது. முன்னாலேயே தாவினேன். சுரம் நீண்டது, இறங்கியது, என்னிடம் வந்தது. அச்சு அசல் அதே சுரம். என்னை அறியாமல் சிரித்தபடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன், அகப்பட்டாயா என்று அவர் புருவத்தை உயர்த்துவாரே, அதற்காக. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடத்தில் இருந்தார். நான் தாவியதை அவர் கேட்கக்கூட இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். பாவம், வாத்தியார் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, அடுத்த சுற்றில் மறுபடியும் தாவினேன். இது இசைத்தட்டில் இல்லாத தப்பு. ஒத்திகையில் பழகாதது. அப்போதே பிறந்தது.

பேஸ் கிட்டார் வாசிப்பவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், பிறகு வாத்தியாரோடேயே போய்விட்டார். நான் வாசித்துக்கொண்டே காத்திருந்தேன். இசைத்தட்டில் உள்ளது உள்ளபடி மேலே போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யாரும் துரத்தி வரப்போவதில்லை என்று தெரிந்ததும், தாவிய இடத்திலிருந்து நானாகவே திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.