ஈரத் துண்டும் பக்க உதையும்

டேக்வாண்டோ கருப்பு பெல்ட் பரீட்சையில் போங்இம் இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. இரண்டு தடவையும் கவிழ்த்தது அதே பக்க உதைதான். உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, காலை நெஞ்சு உயரத்துக்கு நீட்டி, ஒரு கணமாவது அங்கே நிறுத்திக் காட்ட வேண்டும். போங்இம்மின் கால் இடுப்பு வரைக்கும் ஒழுங்காகப் போகும். அப்புறம் அதற்கு என்ன அவசரமோ, தொப்பென்று தரைக்கு வந்துவிடும். கூடப் பரீட்சைக்கு வந்தவர்களோ பத்துப் பன்னிரண்டு வயசு வாண்டுகள். அதுகள் தூக்கினால் கால் காது வரைக்கும் போகிறது. நடுவில் நாற்பத்தொன்பது வயசுக்காரி ஒருத்தி ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டு நின்றால் வயிறு எரியாதா?

தென்கொரியாவின் பூசான் நகரத்து மலைச்சரிவுத் தெருக்களில் ஏறி இறங்கும் குட்டி பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். நான்கு வருஷத்துக்கு முன்னால், கடைசி நிறுத்தத்தில் ஒரு குடிகாரன் அவள் காலரைப் பிடித்து உலுக்கிவிட்டான். யாரோ ஓடி வந்து விலக்கினார்கள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் கைநடுக்கம் நிற்கவில்லை, சோற்றுக் கிண்ணத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அந்த நடுக்கம்தான் அவளுக்குக் கேவலமாக இருந்தது. மறுநாளே டேக்வாண்டோ வகுப்பில் பேர் கொடுத்தாள். கை நடுக்கம் போனது. வருகிற வசந்தத்தில் மூன்றாவது பரீட்சை, இதிலும் தோற்றால் உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள். மடித்து வைத்தால் நடுக்கம் திரும்பி வருமோ என்று உள்ளூர ஒரு பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும்? வீட்டுக்காரர் ஏற்கெனவே, "கால்தான் வரலையே, பெல்ட்டைக் கடையில வாங்கிக் கட்டிக்கயேன்" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள்.

நாள் முழுக்க டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடுப்பு இறுகிவிட்டது, அதை இளக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். லீவு நாளான செவ்வாய்க்கிழமை காலையில் தெருக்கோடியில் இருக்கும் பெண்கள் பொதுக்குளியல் கூடத்துக்குப் போவாள். வெந்நீர்த் தொட்டியில் முக்கால் மணி நேரம் ஊறுவாள். ஊறியபின் தொட்டி விளிம்பில் காலைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழு இழு என்று இழுப்பாள். ஒரு வருஷமாக இதே கூத்து.

அங்கே காசுக்கு அழுக்குத் தேய்த்துவிடுகிறவள் சேரான். முப்பத்தெட்டு வயசு, கருப்பு உள்ளாடைதான் சீருடை, கையில் உறைபோல மாட்டிய சொரசொரப்பான பச்சைத் துணி. ரப்பர் விரித்த பெஞ்சில் ஆளைக் கிடத்தி, மீனுக்குச் செதில் எடுக்கிற மாதிரி எடுத்துவிடுவாள். படு, திரும்பு என்றெல்லாம் வாயால் சொல்ல மாட்டாள். பெஞ்சு விளிம்பில் இரண்டு முறை தட்டினால் ஏறிப் படுக்கவோ திரும்பிப் படுக்கவோ வேண்டும் என்று அர்த்தம்.

அன்றைக்குப் போங்இம்மின் தொடையைத் தேய்க்க அவள் காலைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்ட சேரான், தேய்க்கிறதை நிறுத்தினாள்.

"அக்கா, கால் வளையலைன்னு ஒரு வருஷமா ஒப்பாரி வைக்கிறீங்களே, இது எங்க கிடக்கு பாருங்க."

போங்இம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கால் சேரானின் காதோரம் சொகுசாகக் கிடந்தது.

"பிடிச்சுக்குங்க, விடப்போறேன்" என்று சேரான் நகர்ந்தாள். கால் தொப்பென்று பெஞ்சில் விழுந்தது.

"வளையுறதெல்லாம் நல்லாத்தான் வளையுது. நிக்கத்தான் தெம்பு இல்ல. இழுத்துட்டே இருந்தா தெம்பு வருமா?"

"நீ தேய்க்கிற வேலையைப் பாருடி" என்று சீறினாள் போங்இம். பின்னே? ஒரு வருஷ இழுப்பும் வீண் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒரு வாரம் முழுக்க, சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தத் தொப்பென்ற சத்தம் காதில் கேட்டது. அடுத்த செவ்வாய் வாழைப்பழப் பால் இரண்டு வாங்கிக்கொண்டு போய், ஒன்றைச் சேரானிடம் நீட்டினாள்.

"சரி, தெம்புக்கு என்ன பண்ணணும்? சொல்லித் தொலை."

சேரான் பாலை ஒரே மூச்சில் குடித்தாள். "இந்த வேலைக்கு வந்த புதுசுல, ஈரத் தரையில நின்னு குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே விட்டுப்போச்சுக்கா. நானும் உங்களை மாதிரி இழுத்துத்தான் பார்த்தேன். கடைசியில இதுதான் காப்பாத்துச்சு" என்று ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் போங்இம்மின் கணுக்காலில் சுற்றினாள். "சுவத்தைப் பிடிச்சுக்குங்க. பக்கவாட்டுல தூக்குங்க. நான் பத்து எண்ணுறவரைக்கும் இறக்கக் கூடாது."

ஆறு எண்ணுவதற்குள் போங்இம்மின் இடுப்பு தீயாய் எரிந்தது.

"ஏழு..." என்று இழுத்தாள் சேரான்.

"அடிப்பாவி, எண்ணுறியா, தாலாட்டுப் பாடுறியா?"

"பஸ்ஸை மட்டும் நீங்க நேரத்துக்கா எடுக்குறீங்க? எட்டு..."

ஐந்து மாசம் இப்படிப் போனது. செவ்வாய்க்கிழமை இங்கே, மற்ற நாளெல்லாம் வீட்டுக் குளியலறையில். முதலில் முழங்காலை மடக்கித் தூக்கினாள், அப்புறம் நீட்டித் தூக்கினாள், அப்புறம் சுவரை விட்டுவிட்டுத் தூக்கினாள். ஈரத் துண்டு ஒன்று இரண்டானது. தேய்த்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொள்வாள் சேரான், எண்ணியதற்கு வாழைப்பழப் பாலைத் தவிர எதையும் தொட மாட்டாள்.

பரீட்சை அன்று மண்டபம் முழுக்க வாண்டுகள். முறை வந்தபோது போங்இம்மின் விரல்கள் லேசாக நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். சாய்ந்தாள், உதைத்தாள். கால் போனது, நெஞ்சு உயரத்தில் நின்றது. ஈரத் துண்டு இல்லாத கால் இவ்வளவு லேசானதா என்று அவளுக்கே ஆச்சரியம். இறக்க மனசே வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தேர்ச்சி என்று தகவல் வந்தது. பொன் நூலில் பேர் தைத்த கருப்பு பெல்ட் வந்ததும், நனையாதபடி பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நேரே குளியலுக்குப் போனாள். சேரான் ஈரக்கையைத் துடைத்து, பைக்கு மேலாகவே அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

"உன்னாலதான்டி" என்றாள் போங்இம். "நீ இல்லைன்னா நான் இன்னும் அந்தத் தொட்டியிலதான் வெந்துட்டு இருப்பேன். உனக்கு நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஐயோ, ஒண்ணும் வேணாம்க்கா. பால் வாங்கித் தந்தீங்களே, போதும்" என்று சேரான் துணியை அலசத் திரும்பினாள். அப்போதுதான் போங்இம் அவள் முதுகைப் பார்த்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவே, தன் கை எட்டாத இடத்தில், அழுக்கு கறுத்துத் திட்டாகப் படிந்திருந்தது.

"உனக்கு யாருடி முதுகு தேய்ப்பா?"

சேரான் சட்டென்று முதுகைச் சுவர்ப்பக்கம் மறைத்துக்கொண்டாள். "எனக்கா? வர்றவங்க தேய்ச்சுக்கத்தானே வர்றாங்க? என் முதுகுல ஒருத்தர் கை பட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. பார்க்காதீங்கக்கா, வெட்கமா இருக்கு."

போங்இம் கிட்டே போனாள். சேரான் கையிலிருந்த பச்சைத் துணியைப் பிடுங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். பெஞ்சின்மேல் ஒரு வாளி வெந்நீரை ஊற்றினாள். விளிம்பில் இரண்டு முறை தட்டினாள்.

சேரான் பெஞ்சையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஏறிக் குப்புறப் படுத்தாள். மலைப்பாதையில் வளைத்து வளைத்து ஸ்டியரிங் பிடித்த கை, முதுகில் இறங்கியது. சுருள் சுருளாக அழுக்கு வந்தது. தேய்க்கத் தேய்க்க, சேரானின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

போங்இம் பதறிப்போய்க் கையை எடுத்தாள். "வலிக்குதாடி?"

"இல்லக்கா" என்றது கீழேயிருந்து குரல். "கையை எடுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க."