வால்மிரேலுக்கு ஐம்பத்தொரு மணித்தியாலம்

வால்மிரேல் என்றொரு சின்ன ஊர். பிரான்சுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் ஜூரா மலையின் முகட்டில், சுவிஸ் எல்லைக் கல்லில் ஏறி நின்று உரத்துக் கூப்பிட்டால், அங்கே ஒரு நாயாவது தலையைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவு கிட்ட. காரில் போவதென்றால் மட்டும் மலையைச் சுற்றி நாற்பது நிமிஷம். நூற்றுப் பதினான்கு சனம், மூன்று தெரு, ஒரு தேவாலயம், சீஸ் செய்யும் கூடம் ஒன்று. பிறகு அந்தத் தொட்டிகள். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஞானேஸ்வரி அந்த ஊரைக் கண்ணால் காண முன்னமே ஆறு வருஷமாக அறிந்திருந்தாள். எப்படி என்கிறீர்களா? கரட் சீவிச் சீவி அறிந்தாள். நொஷாட்டல் நகரத்துக்கு மேலே, மலையில் இருக்கிற லா சர்னி என்ற சுவிஸ் கிராமத்து முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளுக்கு வேலை. பக்கத்தில் நின்று வெட்டுகிறவள் ஒடில். நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்கு வருகிற பிரெஞ்சுக்காரி, வால்மிரேலில் பிறந்து வால்மிரேலிலேயே கலியாணம் கட்டியவள். கத்தி கையில் ஏறியதும் வாயில் ஊர் ஏறிவிடும்.

இருவரும் பிரெஞ்சில்தான் கதைப்பார்கள். அதை எங்கள் வாய்க்கு மாற்றிச் சொன்னால் இப்படி இருக்கும்:

"நானூறு வருஷத்துக்கு முன்னம் சுவீடன் பட்டாளம் வந்து எங்கட ஊரைக் கொளுத்திப்போட்டுது, ஞானா. ஒன்பது குடும்பம்தான் மிச்சம். மலைக்குள்ள இருந்து தண்ணி வாற குகை இருக்கெல்லோ, அதுக்குள்ள பதினொரு நாள் ஒளிச்சிருந்தவை. வெளியில பட்டாளத்தின்ர குதிரையள் அந்தத் தண்ணியைக் குடிக்குது. உள்ளுக்க இவையள் குழந்தையளின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருக்கினம்."

"பிறகு?"

"பிறகென்ன, வெளியில வந்து முதல் வேலையா என்ன செய்தவை சொல்லு பாப்பம்?"

"வீடு கட்டியிருப்பினம்."

"இல்லை! கல்லுத் தொட்டி கட்டினவை. வீடு பிறகு."

அந்த முதல் தொட்டியோடு சேர்த்து இன்றைக்கு ஏழு தொட்டி. ஒன்றிலிருந்து வழிவது மற்றதுக்குள் விழும். முதல் தொட்டி குடிக்க மட்டும். பாத்திரத்தால் அள்ள வேண்டும், கை வைக்கக் கூடாது. இரண்டாவது மாட்டுக்கு. அதற்குக் கீழே மரக்கறி கழுவ, பால் பாத்திரம் கழுவ என்று இறங்கிப் போய், ஏழாவது ஊத்தை உடுப்புக்கு. இந்த ஒழுங்கை அந்த ஊர் ஒரு நாளும் தவற விட்டதில்லையாம். போர்க்காலத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாய் முதல் தொட்டியில் சப்பாத்தைக் கழுவப் போக, ஒடிலின் அப்பாவுடைய பெரியம்மா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, ஏழாம் தொட்டியைக் கண்ணால் காட்டினாளாம். துவக்கு வைத்திருந்தவன் பேசாமல் ஏழாம் தொட்டிக்குப் போனானாம்.

இதைக் கேட்ட அன்று ஞானேஸ்வரி வீட்டுக்குப் போய்க் கணவன் லக்ஷ்மணனிடம் சொன்னாள். தபால் இலாகாவின் மஞ்சள் நிற போஸ்ட் பஸ் ஓட்டுகிறவர் அவர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது மனுசி!" என்றார். அவர் ஒருவரைப் புகழ்வதென்றால் அதற்கு மேல் சொல் வராது.

அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல், பிள்ளைகளே. மேலே பெய்கிற மழை நிலத்தில் தங்காது. ஓடைகள் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, ஏதாவதொரு பள்ளத்தில் சுழன்று நிலத்துக்குள் இறங்கிவிடும். எங்கே போகிறது என்று மலைக்குத்தான் தெரியும். வால்மிரேலில் ஆறு இல்லை, குளம் இல்லை. பாறையில் ஒரு வாய். அதிலிருந்து வருஷம் முழுக்கத் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் தெரியாததுதான் கடைசியில் ஊரின் கழுத்தைப் பிடித்தது. குடிநீர் எங்கிருந்து வருகிறதோ அந்த நிலத்தைக் காவல் செய்ய வேண்டும், காவல் செய்ய முடியாத ஊற்றை மூட வேண்டும் என்பது சட்டம். பொறியியலாளர்கள் வந்து, பிரான்ஸ் பக்கத்துப் பள்ளங்களில் இரண்டு தரம் பச்சைச் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். சனம் முறை வைத்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஒரு சொட்டுப் பச்சையும் வரவில்லை.

"வாற திங்கள் பின்னேரம் ஏழு மணிக்கு ஊர்ச்சபை கூடுது," என்று ஒடில் ஒரு நாள் சொன்னாள். "கைதூக்கி முடிவெடுப்பினம். ஊத்து வாயைக் கல்லால அடைச்சுப்போட்டு நகரத்துக் குழாய்த் தண்ணியாம்." அன்றைக்கு அவள் வெட்டிய உருளைக்கிழங்கு எல்லாம் ஒவ்வொரு அளவில் இருந்தது.

இனி ஞானேஸ்வரி செய்த காரியத்துக்கு வருவோம்.

அதே கிழமை வியாழக்கிழமை விஜயதசமி. நொஷாட்டலில் தமிழ்க் குடும்பங்கள் மண்டபம் எடுத்து ஒன்பது நாளும் கும்பம் வைத்தார்கள். முடிந்ததும் மாலைகள், செவ்வந்திப் பூ, வெற்றிலை, முளைத்த நவதானியம் எல்லாம் இரண்டு பெரிய பை நிறைய மிஞ்சின. குப்பைப் பையில் போடுவோம் என்றார்கள். சாமிக்கு வைத்ததைக் குப்பையிலா? ஞானேஸ்வரிக்கு மனம் கேட்கவில்லை. முந்திய வருஷம் ஏரியில் விடப் போய்ப் படகுத்துறைக் காவலாளியிடம் ஏச்சு வாங்கியிருந்தாள். ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும், அவ்வளவுதானே? லா சர்னிக்குப் பின்னால், மாடு மேய்கிற தரையின் நடுவில், ஊர் ஓடை சுழன்று இறங்குகிற பள்ளம் ஒன்று இருந்தது. வேலை முடிந்த கையோடு போய், கும்பத் தண்ணீரோடு சேர்த்து எல்லாவற்றையும் அதற்குள் விட்டாள். பூ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனது. அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள். பள்ளத்துக்குப் பக்கத்தில் 'எதையும் கொட்டத் தடை' என்று ஒரு பலகை நின்றது. கண்டாள்தான். அது குப்பைக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஒடில் புயல் மாதிரி உள்ளே வந்து கைபேசியை நீட்டினாள்.

"பார் ஞானா! சனிக்கிழமை பின்னேரம் சூப்புக்குத் தண்ணி அள்ளப் போனன். கோயில் மணி அஞ்சரை அடிக்குது. முதல் தொட்டியில பூ! பாத்துக்கொண்டு நிக்க நிக்க வருது. ஊரே திரண்டுட்டுது. மேயர் சொல்றார் செத்தவீட்டுப் பூவாம். எங்கட மாமி சொல்றா கலியாணமாம். ஆர் விட்டது, எங்க விட்டது எண்டு தெரிஞ்சால் எங்கட ஊத்துத் தப்பும். ஒருத்தருக்கும் தெரியேல்லை!"

படத்தில் தொட்டி நிறையச் செம்மஞ்சள் இதழ்கள். நடுவில் கிழியாமல் ஒரு வெற்றிலை.

ஞானேஸ்வரி உரித்து முடித்த வெங்காயத்தை இரண்டாம் தரம் உரிக்கத் தொடங்கினாள்.

இடைவேளையில் கணவனுக்கு எடுத்தாள். அவர் பஸ்ஸைத் தரிப்பில் நிறுத்திவிட்டுக் கதைத்தார்.

"இஞ்சேரும், உமக்கு விசரே? நாளைக்கு அடுத்த நாள் புதன்கிழமை. என்ன நாள்?"

"தெரியும்."

"குடியுரிமை நேர்முகம்! இருபத்தேழு வருஷம் இந்த நாட்டில இருந்து, பிரெஞ்சு படிச்சு, பரீட்சை எழுதி, கடைசிப் படியில நிக்கிறீர். அந்தப் பள்ளம் ஆரின்ர தரையில கிடக்கு? உம்மைக் கேள்வி கேக்கப்போற குழுத் தலைவரின்ர தரையில! தடைப் பலகைக்குப் பக்கத்தில பையைக் கவிழ்த்தனான் எண்டு போய்ச் சொல்லப் போறீரோ?"

"இண்டைக்குப் பின்னேரம் ஏழு மணிக்கு அந்த ஊத்து வாயை மூடுறதுக்குக் கை தூக்கப் போகினமப்பா."

"புதன் முடியட்டும். வியாழக்கிழமை சொல்லும்."

"வியாழக்கிழமை சொல்லி என்ன? மூடினதுக்குப் பிறகே?"

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பயணி பஸ் எப்போது வெளிக்கிடும் என்று கேட்பது கேட்டது. "உம்மட இஷ்டம்," என்றார் லக்ஷ்மணன். பிறகு, "அந்தத் தொட்டி மனுசியின்ர ஊர்தானே அது?" என்றார்.

"ஓம்."

"சரி, வைக்கிறன்."

இரண்டு மணிக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் ஞானேஸ்வரி சொன்னாள். சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, குனிந்தபடி சொன்னாள். நிமிர்ந்தபோது ஒடில் சுவரோடு சாய்ந்து நின்றாள். ஏன் கொட்டினாய் என்று கேட்கவில்லை, பலகையைக் காணவில்லையா என்றும் கேட்கவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"இரண்டு முப்பத்தைஞ்சு."

"சரியாத் தெரியுமோ? கிட்டத்தட்டவோ?"

"சரியாத் தெரியும். இரண்டு நாப்பத்தேழுக்கு இராகுகாலம் தொடங்குது. சுவிஸ் நேரத்துக்கு எண்டு கணிச்ச நாட்காட்டி எங்களிட்ட இருக்கு. அதுக்கு முன்னம் விட்டிட வேணுமெண்டு மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துத்தான் ஓடினனான்."

இராகுகாலம் என்றால் என்னவென்று ஒடிலுக்கு விளங்கப்படுத்துவதற்குள் கார் எல்லையைத் தாண்டிவிட்டது.

வால்மிரேலை ஞானேஸ்வரி அன்றுதான் கண்டாள். ஆனால் ஒரு மூலையும் புதிதாக இல்லை. தேவாலயத்தின் ஒரு பக்கக் கூரை மட்டும் தகரம். அது புயலடித்த வருஷத்தில் மாற்றியது. அந்த நீல யன்னல் வீடு ஒடிலின் மாமி வீடு. வளைவில் திரும்பியதும் ஓட்டுக் கூரைக்குக் கீழே ஏழு தொட்டியும் படிபடியாக இறங்கி நின்றன. ஒடில் சொன்னது குறைவு என்று பட்டது. கல்லின் விளிம்பு, நானூறு வருஷமாகப் பாத்திரங்கள் உரசியுரசி, பிள்ளையின் காது மடல் மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர் இருப்பது தெரியவில்லை, அடிக்கல்தான் தெரிந்தது. அதில் இன்னும் இரண்டொரு செவ்வந்தி இதழ் வந்து, சுற்றி, இறங்கிப் போனது. அவளுக்குத் தன்னையறியாமல் கை கூம்பியது.

மேயரின் மேசையில் ஊரார் பொறுக்கிய இதழ்கள் ஜாம் போத்தல்களில் நேரம் எழுதி ஒட்டி வரிசையாக இருந்தன. வெற்றிலையைப் புத்தகத்துக்குள் வைத்து அமத்தியிருந்தார்கள். சபைக்கு வந்திருந்த பொறியியலாளர் பெண் வரைபடத்தை விரித்தாள். ஞானேஸ்வரி பள்ளத்தைத் தொட்டுக் காட்டினாள். விரல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"நாங்கள் இந்தக் கோட்டோட நிண்டிட்டம்," என்றாள் அந்தப் பெண், தனக்கே சொல்வது போல. பிறகு கணக்குப் பார்த்தாள். "வியாழன் இரண்டு முப்பத்தைந்து. சனி ஐந்தரை. ஐம்பத்தொரு மணித்தியாலம், அஞ்சு நிமிஷம் குறைய. இதை வைத்து வாக்கெடுப்பைத் தள்ளிப்போடலாம். அந்தப் பள்ளத்தில் சாயம் விடுவதற்கு லா சர்னியிடம் அனுமதி கேட்டு இன்றைக்கே கடிதம் போடலாம். ஆனால் மதாம், கடிதத்தில் சாட்சியின் பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் அவர்கள் ஏற்கமாட்டார்கள்."

ஒடிலுக்குப் புதன்கிழமை நேர்முகம் தெரியும். "ஞானா, வேண்டாம். வேற வழி பாப்பம்," என்றாள்.

வேறு வழி இருந்தால் இந்த ஊர் அதை எப்போதோ கண்டுபிடித்திருக்கும். ஞானேஸ்வரி பேனையை வாங்கி, முழுப் பெயரையும் எழுதி, கையெழுத்து வைத்தாள். மேயர், கிழவர், எழுந்து போய் ஒரு செம்பு நிறைய முதல் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் அண்ணாந்து குடித்தாள். பல் கூசும் குளிர்.

புதன்கிழமை லா சர்னி கிராமசபை மண்டபத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர்; மாட்டுப்பட்டியிலிருந்து நேரே வந்த சப்பாத்து. அவர் முன்னால் அவளுடைய கோப்பு, அதற்கு மேல் பிரான்சிலிருந்து வந்த கடிதம். மண்டபத்துக்கு வெளியே, இன்றைக்கென்று லீவு எடுத்த லக்ஷ்மணன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கன்டோன் என்கிற மாநிலங்கள் எத்தனை, தேசிய விழா எப்போது, எல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கள் ஊர் ஓடை எங்கே போகிறது?"

விண்ணப்பிக்கிறவர்கள் படிக்கும் கையேட்டில் அதற்கு விடை இருந்தது: நிலத்தடியாக நொஷாட்டல் ஏரிப் பக்கம் போகிறது என்று. அவள் அதை மனப்பாடம் செய்திருந்தாள்.

"வால்மிரேலுக்குப் போகுது, ஐயா," என்றாள். "ஐம்பத்தொரு மணித்தியாலத்தில போகுது. நான்தான் உங்கட தரையில பூ விட்டனான். பலகையைக் கண்டும் விட்டனான். அது பிழை. ஆனால் தண்ணி அங்கதான் போகுது."

மற்ற இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"என் தகப்பனார் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்துக்குச் சிவப்பு நாடா கட்டி அந்தப் பள்ளத்தில் விட்டாராம். ஒருத்தரும் நம்பவில்லை. வாத்தும் திரும்பி வரவில்லை." தொண்டையைச் செருமினார். "மதாம், சட்டப்படி நான் உங்களைக் கண்டிக்க வேண்டும். கண்டித்தாயிற்று. இனிப் பூவைத் தோட்டத்தில் புதையுங்கள். அடுத்த கேள்வி."

அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்கு இன்று வரை நினைவில்லை. அதற்கு முதல் அவர் பென்சிலை எடுத்து, கையேட்டில் 'நொஷாட்டல் ஏரி' என்ற இடத்தை வெட்டி, மேலே எதையோ சின்னதாக எழுதியதுதான் நினைவிருக்கிறது.

நவம்பரில் அந்தப் பள்ளத்தில் பச்சைச் சாயம் விட்டார்கள். மூன்றாம் நாள் வால்மிரேலின் ஏழு தொட்டியும் முதலிலிருந்து ஏழு வரை ஒழுங்காகப் பச்சையாகின. இரண்டு நாட்டுப் பக்கத்திலும் நிலத்துக்குக் காவல் எழுதினார்கள். ஊற்று திறந்தே இருக்கிறது. மாசியில் ஞானேஸ்வரிக்குக் குடியுரிமைக் கடிதம் வந்தது. லக்ஷ்மணன் அதைப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

நீங்கள் யாராவது லா சர்னியில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால், கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய கையேட்டில் பதினாறாம் பக்கம். ஓடை எங்கே போகிறது என்று கேட்பார்கள். ஊரின் பெயரோடு மணித்தியாலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தலைவர் அரைப் புள்ளி குறைப்பாராம்.